சுமையோடு நடப்பவர்கள்

சில துயரங்களை அமர்ந்திருந்து ஆற்றிக்கொள்ள முடிவதில்லை. அவற்றைச் சுமந்துகொண்டே நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் கிழக்கே, ஜோர்ஜியா மாநிலத்திலிருந்து மெயின் மாநிலம் வரை, மலைமுகடுகளினூடாக ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் நீள்கிறது அப்பலாச்சியன் பாதை. 1937இல் முழுமை பெற்ற இப்பாதையை ஒரே பயணத்தில் நடந்து முடித்த முதல்வராக அறியப்படுபவர் ஏர்ல் ஷாஃபர். இரண்டாம் உலகப் போரில் பசுபிக் களத்தில் பணியாற்றியவர் அவர். அவரோடு சேர்ந்து இப்பாதையில் நடக்கவிருந்த இளமைத் தோழர் இவோ ஜிமா தீவில் போரிலே மாண்டார். வீடு திரும்பிய பின்னும் போர் ஷாஃபரின் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அதை நடந்தே போக்கிவிட எண்ணி, 1948 ஏப்ரலில் தனியே புறப்பட்டார்.

வட கரோலினா, டென்னசி மாநிலங்களின் எல்லையிலுள்ள கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவினூடாக இப்பாதை சுமார் 115 கிலோமீற்றர் செல்கிறது. பாதையின் மிக உயர்ந்த இடமும் இங்கேதான் இருக்கிறது. 2,025 மீற்றர் உயரமான அச்சிகரத்துக்கு, செரோக்கி மக்கள் வழங்கிய குவோஹி என்ற பழம்பெயர் 2024இல் மீண்டும் சூட்டப்பட்டது. மூடுபனி சூழ்ந்தால் சிகரமும் பள்ளத்தாக்கும் மறைந்துவிடும். மரத்தில் தீட்டப்பட்ட அடுத்த வெள்ளை அடையாளம் மட்டுமே கண்ணில் படும். நடப்பவருக்கு அதுவே போதும்.

இரவில், ஒரு புறம் திறந்த கற்குடில்களில் முன்பின் அறியாதோர் அருகருகே உறங்குகிறார்கள். கரடிக்கு எட்டாதபடி உணவுப் பைகளை ஒரே கம்பியில் உயரக் கட்டுகிறார்கள். தனியே வந்தவரும் அங்கே தனியராய் இருப்பதில்லை.

போர்க்காலத்தில் பராமரிப்பற்றுப் போன பாதையில் வழி தேடித் தேடி, 124 நாட்களில் ஷாஃபர் மெயினை அடைந்தார். 1965இலும், 79 வயதில் 1998இலும் மீண்டும் அப்பாதை முழுவதையும் நடந்தார்.

அன்பானவர்களே, ஆண்டவர் தம் சீடரை இருவர் இருவராகவே அனுப்பினார். நம் இல்லங்களிலும் அயலிலும் இழப்பைச் சுமந்து நடப்போர் பலர் இருக்கிறார்கள். “மறந்துவிடுங்கள்” என்று அவர்களிடம் சொல்வது எளிது. அவர்களோடு சிறிது தூரம் நடப்பதே அரிது. முழு வழியையும் நாம் காட்ட வேண்டியதில்லை. அடுத்த அடையாளம் வரை உடன் சென்றாலே போதும்.