தேம்ஸின் கதவும் கரைச்சுவரும்

லண்டன் ஈஸ்ட்ஹாமில் தமிழ் மளிகைக் கடைகளும் உணவகங்களும் நிறைந்த கடைத்தெருவிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் போனால் தேம்ஸ் ஆறு வந்துவிடும். அங்கே, வுல்விச்சுக்குப் பக்கத்தில், எஃகுத் தகடு போர்த்திய வளைந்த கூரைகள் ஆற்றுக்குள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் கூரைகளுக்கு அடியில் இருக்கும் இயந்திரங்கள்தான் லண்டனுக்குள் கடல் புகாமல் காத்துவருகின்றன. டவர் பிரிட்ஜையும் பிக் பென்னையும் பார்த்துவிட்டுத் திரும்பும் நம்மவர்கள் இந்தத் தேம்ஸ் கதவையும் ஒருமுறை பார்க்க வேண்டும். வெறும் பொறியியல் அதிசயம் என்பதற்காகச் சொல்லவில்லை. உயிர்கள் போன பிறகு ஒரு நாடு விழித்துக்கொள்ள எத்தனை காலம் ஆகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

1953 ஜனவரி 31. வடகடலில் கடும் புயல். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். அப்படி உயர்ந்த நீரைக் காற்று தெற்கே தள்ளுகிறது. வடகடலோ தெற்கே போகப்போக ஆழம் குறைந்து, அகலமும் சுருங்கிக்கொண்டே வரும். போக இடமில்லாத நீர் மேலே எழும்பத்தானே செய்யும்? பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதமும் அன்று சேர்ந்துகொண்டது. லிங்கன்ஷயர் கரையில் மாலையே வெள்ளம் புகுந்துவிட்டது. தேம்ஸ் கழிமுகத்திலுள்ள கேன்வி தீவுக்கு அது வந்து சேர்ந்தது நள்ளிரவுக்குப் பிறகுதான். இடையில் பல மணி நேரம் இருந்தது. ஆனால் வடக்கே நடந்ததைத் தெற்கே இருப்பவர்களுக்குச் சொல்ல ஒரு முறையான ஏற்பாடு இல்லை. தொலைபேசிக் கம்பிகளும் அறுந்து கிடந்தன. அந்தச் சின்னத் தீவில் மட்டும் ஏறத்தாழ 60 பேர் இறந்தார்கள். இங்கிலாந்து முழுவதும் 307 பேர். எதிர்க்கரையில் இருக்கும் நெதர்லாந்தில் 1,800 பேருக்கும் மேல். லண்டனில் சில்வர்டவுன், கேனிங் டவுன் வரை தண்ணீர் வந்தது. இன்று தமிழர்கள் ஏராளமாக வாழும் நியூஹாமின் தென்பகுதி அது.

லண்டனுக்கு இது புதிதும் அல்ல. 1928 ஜனவரியில் மில்பேங்க் பகுதியில் கரை உடைந்து, நிலத்தடி அறைகளில் குடியிருந்த ஏழைகள் உள்ளேயே மூழ்கிப்போனார்கள். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கரைச்சுவரைக் கொஞ்சம் உயர்த்துவதுதான் வழக்கமாக இருந்தது. ஆனால் நகரத்தின் நடுவே சுவரை எவ்வளவுதான் உயர்த்த முடியும்? ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கதவு வேண்டும் என்ற யோசனை 1953க்குப் பிறகு வலுத்தது. அதற்குக் கப்பல் வணிகம் குறுக்கே நின்றது. பெரிய கப்பல்கள் லண்டன் துறைகளுக்கு வந்துபோன காலம் அது. மிக அகலமான வழி விட வேண்டும் என்றார்கள். அவ்வளவு அகலத்துக்குக் கதவு போடுவது எளிதல்ல. பேச்சிலேயே ஆண்டுகள் ஓடின. கணித அறிஞர் ஹெர்மன் பாண்டி அரசு கேட்டபடி ஆராய்ந்து, கதவு கட்டியே ஆக வேண்டும் என்று 1967ல் அறிக்கை கொடுத்தார். அதற்குள் கன்டெய்னர் கப்பல்கள் வந்து, பழைய துறைகள் நொடியத் தொடங்கியிருந்தன. 61 மீட்டர் வழி போதும் என்றானது. டவர் பிரிட்ஜின் திறக்கும் பகுதிக்கும் அதே அகலம்தான்.

சாதாரண மதகுபோல மேலிருந்து இறங்கும் கதவு வைத்தால், கப்பல் போக வழிவிட்டு அதை வானளாவத் தூக்கி நிறுத்த வேண்டும். சார்லஸ் டிரேப்பர் என்ற பொறியாளர் வேறு வழி கண்டார். அடுப்பில் கேஸ் குழாயைத் திருகி மூடுகிறோமே, அந்த உருளையின் அமைப்புதான் அவருக்கு வழிகாட்டியது. கதவின் குறுக்குவெட்டு அரைவட்டத்தின் ஒரு துண்டு. உள்ளே வெறும் கூடு. சாதாரண நாளில் வளைந்த பக்கம் கீழே இருக்க, ஆற்றுப்படுகையில் பதித்த கான்கிரீட் பள்ளத்தில் அது படுத்துக் கிடக்கும். தட்டையான மேற்பரப்புக்கு மேலே கப்பல்கள் போகும், வரும். எச்சரிக்கை வந்ததும், இரு முனைகளிலும் உள்ள ராட்சத வட்டுகள் ஹைட்ராலிக் விசையில் கால்வட்டம் சுழல, கதவு நீரைப் பீறிக்கொண்டு எழுந்து நிற்கும். பெரிய கதவு ஒன்று 3,000 டன்னுக்கும் மேல் எடை; 20 மீட்டர் உயரம். இப்படி நான்கு, சிறியவை ஆறு, ஆக பத்துக் கதவுகள் 520 மீட்டர் அகல ஆற்றை மூடுகின்றன.

1972ல் சட்டம், 1974ல் வேலை தொடக்கம். நடுவே வேலைநிறுத்தங்கள், விலைவாசி ஏற்றம். 1982ல் தயாரானது, 1983 பிப்ரவரியில் முதல்முறையாக ஓதத்தை எதிர்த்து மூடப்பட்டது, 1984 மே 8 அன்று எலிசபெத் அரசி முறைப்படி திறந்துவைத்தார். செலவு சுமார் 53 கோடி பவுண்டு. கீழ்ப்பகுதியின் கரைகளை உயர்த்த இன்னும் 10 கோடி.

அந்த 10 கோடியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது. கதவை மூடினால் கடல்நீர் காணாமல் போய்விடாது. கதவில் மோதி நின்று, கீழ்ப்பக்கத்து ஊர்களின் கரையைத் தேடும். அதனால்தான் வுல்விச்சிலிருந்து கழிமுகம் வரை இரு கரைகளிலும் சுவரையும் உயர்த்தினார்கள். ஆற்றில் வந்து சேரும் ஓடைகளின் வாய்க்கும் தனிக் கதவு போட்டார்கள். பார்க்கிங் ஓடையில் இரு கோபுரங்களுக்கு நடுவே கத்திபோல் இறங்கும் கதவு இன்றும் நிற்கிறது. கேன்வி தீவைச் சுற்றிலும் கான்கிரீட் சுவர். கடலோர ஊராக இருந்தும் தெருவில் நின்றால் கடல் தெரியாது. 1953ஐ அனுபவித்த ஊர் அந்த விலையைக் கொடுக்கத் தயங்கவில்லை.

கதவைக் கட்டியதோடு வேலை முடியவும் இல்லை. மாதந்தோறும் சோதித்துப் பார்க்கிறார்கள். 1997ல் மூடுபனியில் ஜல்லி, மணல் ஏற்றிவந்த கப்பல் ஒன்று தூணில் மோதி மூழ்கி, ஒரு கதவின் மேல் பாரத்தைக் கொட்டியது. அந்தக் கதவைச் சில நாட்கள் மூடவே முடியவில்லை. நல்லவேளை, அந்த நாட்களில் கடல் பொங்கவில்லை.

1980களில் 4 முறை, 1990களில் 35 முறை, அடுத்த பத்தாண்டில் 75 முறை, சோதனைக்காக அல்லாமல் வெள்ளத்தைத் தடுக்கவே கதவுகள் மூடப்பட்டன. 2013-14 குளிர்காலத்தில் மட்டும் 50 முறை. அவற்றில் பெரும்பாலானவை கடலுக்காக அல்ல. மேலிருந்து வரும் மழைவெள்ளத்துக்கு ஆற்றில் இடம் விட, வற்று ஓதத்தின்போதே கதவை மூடிக் கடல்நீரை வெளியே நிறுத்தினார்கள். கடல்மட்டமும் ஏறிக்கொண்டிருக்கிறது. நகரத்துக்குள் இருக்கும் கரைச்சுவர்களை 2065க்குள் உயர்த்தினால் போதும் என்று முன்பு கணக்கிட்டவர்கள், 2023ல் அதை 2050க்கு முன்னே கொண்டுவந்துவிட்டார்கள். அந்தச் சுவர்களில் பல தனியாருக்குச் சொந்தமானவை. ஆற்றைப் பார்த்த வீடு என்று பெருமையோடு வாங்கியவர், தன் வீட்டுக்கு முன்னால் இருக்கும் சுவரையும் பராமரிக்க வேண்டியிருக்கும். லண்டனில் ஆற்றோரம் வீடு வாங்கும் நம்மவர்கள் பத்திரத்தில் இதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்தக் கதவு 2070 வரை தாங்கும் என்பது கணக்கு. அதற்குப் பிறகு எதை, எங்கே கட்டுவது என்பதை 2040க்குள் முடிவு செய்தாக வேண்டும். 1953ல் தொடங்கிய பேச்சு கதவாக நிமிர 29 ஆண்டுகள் ஆயின. இம்முறை 2040ல் முடிவெடுத்தால் கையில் இருக்கப்போவது 30 ஆண்டுகள்.