ஃபைப்ராய்டு ஆபரேஷனா? டாக்டரிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்!

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு’ என்று பார்த்ததுமே, ‘கேன்சரா இருக்குமோ?’ என்று பல பெண்களுக்குத் தூக்கம் போய்விடுகிறது. பதற வேண்டாம். ஃபைப்ராய்டு எனும் நார்த்திசுக்கட்டி, கர்ப்பப்பைத் தசையில் வளரும் சாதாரணக் கட்டி. தொந்தரவு தராவிட்டால் பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படாது.

ஆனால், அதே தசையில் ‘லியோமயோசர்கோமா’ என்ற அரிய வகைப் புற்றுநோயும் வரலாம். ஸ்கேனில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியக்கூடும் என்பதுதான் சிக்கல்.

அமெரிக்காவின் பாஸ்டனில் பணியாற்றிய மயக்க மருந்து நிபுணர் ஏமி ரீட். ஆறு குழந்தைகளின் தாய். 2013-ல் ஃபைப்ராய்டு என்று கருதி, லேப்ராஸ்கோபி மூலம் அவரது கர்ப்பப்பை அகற்றப்பட்டது. சிறு துளை வழியே வெளியே எடுக்க, ‘மார்செலேட்டர்’ என்ற சுழலும் கத்தியால் வயிற்றுக்குள்ளேயே அதைத் துண்டுகளாக்கினார்கள். பிறகு வந்த பயாப்சி முடிவு, லியோமயோசர்கோமா என்றது. புற்றுக்கட்டியை இப்படி வெட்டினால், புற்றுசெல்கள் வயிற்றுக்குள் சிதறும் அபாயம் உண்டு.

இந்த முறைக்கு எதிராக ரீட்டும் கணவரும் போராடினார்கள். ஃபைப்ராய்டுக்காக ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு, எதிர்பாராத சர்கோமா இருக்கலாம் என்று 2014-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ரீட் 2017-ல் காலமானார்.

எப்போது கூடுதல் கவனம் தேவை?

மாதவிலக்கு நின்ற பிறகும் கட்டி வளர்ந்தாலோ, ரத்தப்போக்கு ஏற்பட்டாலோ உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டவர்களும், இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களும் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உதவும். கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து எடுக்கும் பயாப்சியில், தசைக்குள் இருக்கும் புற்றுநோய் சிக்காமல் போகலாம். ஆபரேஷனுக்கு முன்பே நூறு சதவிகிதம் உறுதியாகச் சொல்லும் பரிசோதனை எதுவும் இல்லை. அதனால்தான் இந்தக் கேள்விகள் முக்கியம்:

1. எனக்கு எம்.ஆர்.ஐ. தேவையா?

2. கட்டியை முழுசாக எடுப்பீர்களா, வெட்டி எடுப்பீர்களா?

3. வெட்டுவதாக இருந்தால், செல்கள் சிதறாதபடி பைக்குள் வைத்து வெட்டுவீர்களா?

4. எடுத்த கட்டியைப் பயாப்சிக்கு அனுப்புவீர்களா?

சிறிய தழும்பும், சீக்கிரம் வீடு திரும்புவதும் நல்லதுதான். ஆனால், கையெழுத்துப் போடும் முன் இந்த நான்குக்கும் பதில் வாங்கிவிடுங்கள்!