பிறந்ததே குற்றம்! கீழக்குயில்குடி மீது பாய்ந்த ரேகைச் சட்டம்

மதுரை:

பார்லிமெண்டில் புது மசோதா வருகிறது என்று பேப்பரில் படித்தால், பஸ்ஸில் போகிறவர் என்ன செய்வார்? "நமக்கென்னப்பா!" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

கீழக்குயில்குடியில் அந்தப் பேச்சு எடுபடாது. எங்கோ வடக்கே வெள்ளைக்காரன் எழுதிய ஒரு சட்டம், ஊர் தேடி வந்து, கட்டை விரலைப் பிடித்து மையில் அமுக்கிய இடம் அது.

திருடியவனைப் பிடிக்க வந்த சட்டமல்ல அது. திருடாதவனையும் சேர்த்துப் பிடிக்க வந்த சட்டம்!

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறது கீழக்குயில்குடி. சமணர் மலை அடிவாரம். தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மலை மேலே ஆயிரம் வருஷத்துக்கு முந்திய மகாவீரர் சிற்பங்கள். சினிமாப் படப்பிடிப்புக்கு ஆட்கள் வந்து போவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலேஜ் பிள்ளைகள் மலையேற வருவார்கள்.

அந்த ஊர்தான் 1914-ல் சர்க்கார் உத்தரவில் ஏறியது. குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரை ஜில்லாவில் முதன்முதலாகப் பாய்ந்தது கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மீதுதான்.

எங்கிருந்து வந்தது?

வட இந்தியாவில் சில கூட்டங்களை அடக்க வேண்டும் என்று சொல்லி 1871-ல் வெள்ளைக்கார சர்க்கார் இந்தச் சட்டத்தைப் போட்டது. நெசவாளி மகன் நெசவாளி, தச்சன் மகன் தச்சன் ஆகிற மாதிரி, திருடன் மகன் திருடன்தான் ஆவான் என்பது அவர்கள் போட்ட கணக்கு. தொழிலை எப்படி சாதியோடு முடிச்சுப் போட்டார்களோ, அப்படியே குற்றத்தையும் போட்டுவிட்டார்கள்.

1911-ல் சட்டத்தைத் திருத்தி நாடு முழுக்க நீட்டினார்கள். சென்னை மாகாணமும் அதில் சிக்கியது. மூன்றே வருஷத்தில் கீழக்குயில்குடி. அடுத்த நாலு வருஷத்தில், அதாவது 1918-ல், மதுரை ஜில்லாப் பிறமலைக் கள்ளர் அத்தனை பேர் மீதும் விழுந்தது.

அதற்கு முன்பு இவர்கள் என்ன செய்தார்கள்? ஊர்க்காவல்! ஊரையும் களத்தையும் மாட்டையும் காப்பது. அதற்குக் கூலி வாங்குவது. மாடு காணாமல் போனால் துப்புச் சொல்லி மீட்டுக் கொடுத்து 'துப்புக்கூலி' வாங்குவதும் உண்டு. காவல்காரனே களவுக்கும் உடந்தை என்ற புகாரும் இருந்தது. 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கம் மற்ற சாதியார் பண்டு வசூலித்து, காவலுக்கு நின்ற கள்ளர்களை ஊரை விட்டு விரட்டிய கலகமும் நடந்தது.

காவல் வேலை போனது. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பட்டினி. இப்படி இருந்த ஜனங்களுக்கு நிலம் கொடுக்கலாம், வேலை கொடுக்கலாம். சர்க்கார் முதலில் கொடுத்தது ரேகைப் பதிவேடு!

சட்டம் என்ன சொன்னது?

சட்டத்தில் இருந்ததைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

ஒரு கூட்டம் வழக்கமாகக் குற்றம் செய்கிறது என்று மாகாண சர்க்கார் நினைத்தால் போதும். கெஜட்டில் பெயர் போட்டுவிடலாம். அந்தக் கூட்டத்தில் பிறந்தவனெல்லாம் அன்றிலிருந்து குற்றப் பரம்பரை.

பெயர் பதிய வேண்டும். பத்து விரல் ரேகை கொடுக்க வேண்டும். மறுத்தால் அதுவே தனிக் குற்றம்.

சொன்ன நேரத்தில் போலீசில் ஆஜராக வேண்டும். ஊரை விட்டுப் போவதானால் சீட்டு வாங்கிப் போக வேண்டும். சீட்டு இல்லாமல் வெளியூரில் அகப்பட்டால் வாரண்டு இல்லாமலே கைது.

ஏற்கெனவே தண்டனை பெற்றவன் மறுபடி மாட்டினால், மற்றவர்களுக்கு விழுவதைவிடப் பல மடங்கு தண்டனை. மூன்றாவது தடவை என்றால் ஆயுளுக்கும் தீவாந்திரம்!

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பூட்டு. கெஜட் அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது!

கொலைகாரனுக்குக்கூட வக்கீல் வைத்து வாதாட வழி உண்டு. கள்ளர் வீட்டில் பிறந்தவனுக்கு, "நான் எந்தத் தப்பும் பண்ணலையே" என்று சொல்லி அந்த அறிவிப்பை உடைக்க எந்தக் கோர்ட்டிலும் வழி இல்லை.

ராத்திரி ஸ்டேஷன் படுக்கை

சட்டம் காகிதத்தில் இருந்தது போக, ஊரில் அது நடந்த விதம் வேறு.

ஆண்பிள்ளைகள் ராத்திரியில் போலீஸ் காவலில் வந்து படுக்க வேண்டும். காலையில் போகலாம். சாயந்திரம் திரும்ப வந்துவிட வேண்டும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமா? பொண்டாட்டிக்குப் பிரசவ வலியா? வீட்டில் சாவா? சீட்டு வாங்கு!

கல்யாணம் முடித்த அன்றைக்கே மாப்பிள்ளை ஸ்டேஷன் திண்ணையில் படுத்த கதையை உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கம் பெரியவர்கள் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். 'ரேகைச் சட்டம்' என்றுதான் ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். சட்டத்தின் உண்மைப் பெயர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. விரலில் ஒட்டிய மையே போதுமானதாக இருந்தது.

வெளியூர் போக வாங்குகிற சீட்டுக்கு 'ராதாரிச் சீட்டு' என்று பெயர். சொந்த நாட்டில், சொந்த ஜில்லாவில், பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போக ஒரு பாஸ்போர்ட்!

துப்பாக்கிச் சூடு

இது மதுரை ஜில்லாவே கொதித்த கதை.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர். ரேகை எடுக்கப் போலீசார் படையோடு வந்து இறங்கினார்கள். "நாங்க உழுது பிழைக்கிறவங்க. ரேகை கொடுக்க மாட்டோம்" என்பதே ஊர்க்காரர்களின் நிலை. ஊர் திரண்டு நின்றது. போலீசார் சுட்டார்கள்.

மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் பிணமானார்கள். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரை நடத்திக் கொண்டு போனார்கள்.

ஜாலியன் வாலாபாக் நடந்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. பஞ்சாபில் நடந்தது உலகத்துக்கே தெரிந்தது. பெருங்காமநல்லூர் பக்கத்து ஜில்லாவுக்கே சரியாகத் தெரியவில்லை. இன்றைக்கு அங்கே நினைவுத்தூண் நிற்கிறது. வருஷா வருஷம் ஏப்ரல் 3-ல் மாலை போடுகிறார்கள்.

ரோசாப்பூ துரை

இந்த ஜனங்களுக்காக வாய் திறந்தவர்களில் முன்னால் நிற்கிறவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்துச் செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வக்கீல் தொழில் செய்தவர். மில் தொழிலாளர் சங்கத்துக்கும் உழைத்தவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து எழுதினார், கோர்ட்டில் நின்று வாதாடினார். கள்ளர் சனம் அவருக்கு 'ரோசாப்பூ துரை' என்று செல்லப் பெயர் சூட்டியது. 1938-ல் மதுரையிலேயே காலமானார். யானைக்கல் பக்கம் போகிறவர்கள் அவர் சிலையைப் பார்க்கலாம்.

1930-களில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய்ச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார். 1937-ல் காங்கிரஸ் மந்திரி சபை வந்தது. சட்டம் போய்விடும் என்று ஜனங்கள் நினைத்தார்கள். போகவில்லை! பத்து வருஷம் கழித்து, 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் ரத்தானது.

நாடு முழுவதற்கும் ரத்தானது 1952 ஆகஸ்ட் 31. அனந்தசயனம் அய்யங்கார் கமிட்டி விசாரித்துச் சொன்ன பிறகு நடந்தது அது. நாடு சுதந்திரமடைந்து ஐந்து வருஷம் கழித்து இவர்களுக்குச் சுதந்திரம்! வட இந்தியாவில் அந்தத் தேதியை விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

பள்ளிக்கூடம் வந்தது

ஒரு நல்லதும் நடந்தது. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, அடித்துப் பிடிப்பது மட்டும் போதாது என்று சர்க்காருக்கே உறைத்தது. கள்ளர் சீரமைப்பு என்று தனித் திட்டம். பள்ளிக்கூடம், விடுதி, கூட்டுறவுச் சங்கம், கிணறு வெட்டக் கடன்.

அந்தப் பள்ளிகள் மதுரை, திண்டுக்கல், தேனி மூன்று மாவட்டத்திலும் இன்றைக்கும் நடக்கின்றன, ஏறக்குறைய 300. ரேகை வைத்தவனின் பேரன் அங்கே படித்து வாத்தியார் ஆனான், போலீஸ்காரன் ஆனான், வக்கீல் ஆனான். 2023-ல் இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்கப் போவதாகத் தமிழக பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தபோது எதிர்ப்புக் கிளம்பியதற்குக் காரணம் அதுதான்.

சான்றிதழ் சண்டை

சட்டம் போனாலும் பெயர்த் தகராறு போகவில்லை.

குற்றப் பரம்பரைப் பட்டியலில் இருந்து நீக்கியவர்களை 'சீர்மரபினர்' என்கிறார்கள். தமிழ்நாட்டில் 68 சமூகங்கள். 1979 ஜூலையில் ஓர் அரசாணை போட்டு, 'பழங்குடியினர்' என்பதை 'வகுப்பினர்' என்று மாற்றினார்கள். ஒரு சொல்தானே என்று அப்போது தோன்றியிருக்கும். மத்திய சர்க்கார் பட்டியலில் பழைய பெயர், இங்கே புதுப் பெயர். டெல்லி சலுகைக்கு மனுப் போட்டவன் திண்டாடினான்.

போராட்டம் பல வருஷம் நடந்தது. 2019-ல் மாநிலத்துக்கு ஒன்று, மத்திய சர்க்காருக்கு ஒன்று என்று இரட்டைச் சான்றிதழ் கொடுக்க உத்தரவானது. ஒரே ஆளுக்கு இரண்டு பெயரா என்று மறுபடி போராட்டம். 2024-ல் ஒரே சான்றிதழ் என்று தமிழக அரசு அறிவித்தது.

தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிற குமாஸ்தாக்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகத் தெரியும். மனு வந்தால் எந்தப் படிவம், எந்தப் பெயர் என்று அவர்களும் சேர்ந்து முழித்தவர்கள்தான்.

பழைய மை, புது மெஷின்

இதெல்லாம் பழங்கதை, இப்போது எதற்கு என்று கேட்கலாம். இரண்டு விஷயம் இருக்கிறது.

முதலாவது, குற்றப் பரம்பரைச் சட்டம் போன மறு வருஷமே, 1948-ல், சென்னை மாகாணத்தில் வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. மற்ற மாநிலங்களும் அதே மாதிரி போட்டன. இது சாதியைப் பார்க்காது. தனி ஆளின் பழைய தண்டனைகளைப் பார்க்கும். காகிதத்தில் பெரிய வித்தியாசம். ஆனால் போலீசின் கண் பழைய ஊர்களையே தேடிப் போனது என்பது நெடுநாள் புகார். 2007-ல் ஐக்கிய நாடுகளின் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் கமிட்டியே இதை ரத்து செய்யுங்கள் என்று இந்தியாவுக்குச் சொன்னது.

2024 அக்டோபர் 3-ல் சுப்ரீம் கோர்ட் ஜெயில்களில் சாதி பார்ப்பது பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பாளையங்கோட்டை ஜெயிலில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. சாதி பார்த்து வேலை கொடுக்கும் ஜெயில் விதிகள் செல்லாது. ஜெயில் பதிவேட்டில் சாதிக் கட்டமே கூடாது. சீர்மரபினரைப் போலீசார் கண்டபடி கைது செய்யக் கூடாது என்று தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. சட்டம் ரத்தாகி 72 வருஷம் கழித்து இதைச் சொல்ல வேண்டி வந்ததே!

இரண்டாவது விஷயம் ரேகை. பெருங்காமநல்லூரில் சுட்ட அதே 1920-ல், கைதிகளின் ரேகையும் போட்டோவும் எடுக்க ஒரு மத்தியச் சட்டம் வந்தது. நூறு வருஷம் அதுதான் நடந்தது. 2022-ல் பார்லிமெண்ட் அதை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் போட்டது. விரல் ரேகை, உள்ளங்கை, பாதம், கண்ணின் கருவிழி, கையெழுத்து, ரத்த மாதிரி வரை எடுக்கலாம். தண்டனை பெற்றவனிடம் மட்டுமல்ல, கைதானவனிடமும், நன்னடத்தை ஜாமீன் எழுதிக் கொடுக்க உத்தரவானவனிடமும் எடுக்கலாம். பதிவு டெல்லியில் 75 வருஷம் இருக்கும்.

இந்தச் சட்டம் எந்தச் சாதியின் பெயரையும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். நிரபராதி என்று கோர்ட் கடைசியாக விடுவித்தால், முன் தண்டனை இல்லாதவனின் பதிவை அழிக்கவும் இடம் இருக்கிறது. ஆனால் மாஜிஸ்திரேட் வேறு மாதிரி உத்தரவு போட்டால் அழியாது. திருடனைப் பிடிக்க இது உதவும் என்பது சர்க்கார் வாதம். கேஸ் முடிவதற்குள் பாதி ஆயுசு போய்விடுமே, அதுவரைக்கும் ரேகை அங்கேயே கிடக்குமே என்பது எதிர்த்துப் பேசுகிறவர்கள் வாதம்.

மூன்று கேள்வி

குடியுரிமை, ரோடு, போலீஸ், ரேகை என்று டெல்லியில் இன்னும் எத்தனையோ மசோதாக்கள் வரும். அத்தனையையும் படிக்க கடைக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் நேரம் ஏது? கீழக்குயில்குடி அனுபவத்தை வைத்து மூன்றே மூன்று கேள்வி கேட்டால் போதும்.

இந்தச் சட்டம் ஒருவன் செய்த காரியத்தைப் பார்க்கிறதா, அவன் பிறந்த இடத்தைப் பார்க்கிறதா?

பட்டியலில் பெயர் ஏறினால் இறக்க வழி இருக்கிறதா?

"இது தப்பு" என்று கோர்ட்டில் போய்ச் சொல்ல முடியுமா?

1911-ல் வந்த சட்டத்தை இந்த மூன்றிலும் உரசிப் பாருங்கள். மூன்றிலும் தோற்கும். அன்றைக்குக் கேட்கச் சட்டசபையில் இவர்களுக்கு ஆள் இல்லை, ஓட்டும் இல்லை. 1914-ல் கீழக்குயில்குடிக்காரனால் கட்டை விரலை நீட்ட மட்டும்தான் முடிந்தது.

இன்றைக்கு அந்தக் கட்டை விரலுக்குப் பக்கத்து ஆள்காட்டி விரலில்தான் தேர்தல் அன்று மை வைக்கிறார்கள்.