விமானம் விற்க முதலில் நோட்டுப் படிக்கணும்

"ஏரோப்ளேனை யாருடா போய் சொந்தமா வாங்குறா?"

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், விச்சிட்டா நகரில் பழைய விமானம் விற்கும் வேலையில் சேர்ந்துவிட்டேன் என்று சொன்னபோது, திருச்சியிலிருந்து அப்பா போனில் கேட்ட முதல் கேள்வி இது.

இங்கே விவசாயி வாங்குகிறார், பல் டாக்டர் வாங்குகிறார், கட்டட கான்ட்ராக்டர் வாங்குகிறார். நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172 ரகம் மட்டும் 1956-லிருந்து 44,000-க்கு மேல் விற்பனைக்கு வந்திருக்கிறது. ஐம்பது வயதான விமானங்கள் இன்றும் பறக்கின்றன, கைமாறுகின்றன. விச்சிட்டா இந்தத் தொழிலின் தாய்வீடு. க்ளைட் செஸ்னா, வால்டர் பீச், லாயிட் ஸ்டியர்மன் மூவரும் 1925-ல் இங்கேதான் ஒரே கம்பெனியில் கூட்டாளிகளாக இருந்தார்கள்.

மனைவியின் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தோம். எனக்குப் பணி அனுமதி கிடைத்ததும் சிறிய விமான நிலையம் ஒன்றில் பெட்ரோல் போடும் வேலைக்குப் போனேன். சிறு விமானங்களுக்கான பெட்ரோலில் நீலச் சாயம் சேர்த்திருப்பார்கள். இறக்கைக்கு அடியில் குனிந்து, டேங்கிலிருந்து கொஞ்சம் கண்ணாடிக் குவளையில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்துப்போலத் தனியாக நிற்கும்.

அந்த வேலைதான் எனக்கு வாசலைத் திறந்தது. யாருக்கு வயதாகி, பறப்பதற்கான மருத்துவப் பரிசோதனை சிக்கலாகிறது, யாருக்குக் குழந்தை பிறந்து ஆறு சீட்டு விமானம் தேவைப்படுகிறது என்பதெல்லாம் பெட்ரோல் போடுகிறவனுக்கு முதலில் தெரிந்துவிடும். சரக்கு எங்கே இருக்கிறது, யாருக்கு வேண்டும் என்று அறிந்தவன்தானே தரகன்?

சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பறக்கக் கற்றேன். தனியார் பைலட் லைசென்ஸுக்குச் சட்டப்படி குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேலேயே ஆகும். 200 மணி நேரம் பறந்த அனுபவம் இருந்தால், விமானம் விற்பவர் அந்த லைசென்ஸை வைத்தே வாங்க வருபவருக்குப் பறந்து காட்டலாம் என்று அமெரிக்க விதி சொல்கிறது. தரகராவதற்கு மத்திய அரசின் லைசென்ஸ் எதுவும் கட்டாயமில்லை. அதனால் இங்கே பெயர்தான் முதலீடு.

அதை ஒரு செஸ்னா 172-தான் எனக்குக் கற்றுத் தந்தது. புதுப் பெயிண்ட், புதுத் தோல் சீட். வாங்க வந்த இளைஞர் முன்பணம் தரத் தயாராக இருந்தார். அன்று மாலை லாக்புக்குகளை விரித்தேன். உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, ப்ரொப்பெல்லருக்கு ஒன்று. ஒவ்வொரு பழுதும் தேதியோடும் மெக்கானிக் கையெழுத்தோடும் அதில் இருக்க வேண்டும். ப்ரொப்பெல்லர் நோட்டில் ஒரு வரி: 'புதியது மாற்றப்பட்டது'. அதே மாதம் எஞ்சின் நோட்டில் ஆயில் மாற்றியது மட்டும்தான் இருந்தது.

நல்ல ப்ரொப்பெல்லரை யாரும் சும்மா மாற்ற மாட்டார்கள். உரிமையாளரைக் கேட்டேன். "ரன்வேயில ஒரு தடவை உரசிடுச்சு, அவ்வளவுதான்" என்றார். சுற்றுகிற ப்ரொப்பெல்லர் தரையில் மோதினால் அந்த அதிர்ச்சி கிராங்க் ஷாஃப்டுக்குப் போகும். எஞ்சினைப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்று அதைத் தயாரித்த லைக்கமிங் நிறுவனத்தின் அறிவுறுத்தலே இருக்கிறது. இங்கே பிரித்ததற்கான பதிவு இல்லை.

அன்றிரவே வாங்குபவரிடம் சொன்னேன். வியாபாரம் இரண்டு மாதம் நின்றது. எனக்குக் கமிஷன் மட்டும்தான், சம்பளம் கிடையாது. அந்த இரண்டு மாதமும் மனைவியின் சம்பளத்தில் வாடகை கட்டினோம். எஞ்சினைப் பிரித்தார்கள். கிராங்க் ஷாஃப்டில் கோளாறு இல்லை. பிரித்துச் சோதித்ததைச் சொல்லும் ஒரு வரி எஞ்சின் நோட்டில் ஏறியது, செலவை விற்றவர் ஏற்றார், விமானம் கைமாறியது. கோளாறு இல்லை என்பதைக்கூட எழுதி வைத்திருந்தால்தான் விமானத்துக்கு விலை.

பணம் கைமாறுவதும் காகிதத்தில்தான். ஓக்லஹோமா சிட்டியில் உள்ள அரசுப் பதிவகத்தில், விமானத்தின் மேல் கடன் இருக்கிறதா என்று வில்லங்கம் பார்க்க வேண்டும். வாங்குபவரின் பணம் இடையில் ஒரு நடுநிலை நிறுவனத்திடம் இருக்கும். விற்பனைப் பத்திரம் சரியானதும்தான் விற்றவருக்குப் போகும். வீடு வாங்குவதைப் போலவேதான்.

பெரிய விமானம் விற்றவர்களிலும் இப்படிச் சின்னதில் தொடங்கியவர்கள் உண்டு. ஏர்பஸ்ஸின் விற்பனைத் தலைவராகப் புகழ்பெற்ற ஜான் லேஹி பறக்கக் கற்றுக்கொடுத்தவர். பைப்பர் என்ற சிறு விமானக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு 1985-ல் ஏர்பஸ்ஸுக்கு வந்து, 2018-ல் ஓய்வு பெற்றார்.

இந்தத் தொழிலுக்கு எப்படி வருவது என்று கேட்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தியாவில் சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் நம் ஏர்லைன்கள் பறக்கவிடும் விமானங்களில் பெரும்பாலானவை குத்தகைக்கு வந்தவை. அவற்றைத் திருப்பித் தரும் நாளில் இதே லாக்புக்குகளைத்தான் வரிவரியாகப் பார்ப்பார்கள். பக்கத்து ஃப்ளையிங் கிளப்பிலோ பராமரிப்புக் கூடத்திலோ எந்த வேலை கிடைத்தாலும் சேருங்கள். கோட்டும் டையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதலில் ஒரு லாக்புக்கை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.