அளப்பது எதனை?

இரண்டு மோட்டார் வண்டிகளுள் எது விரைவானது என்று அறிய விரும்பிய ஒருவர், மூடிக் கிடக்கும் ரயில்வே கேட்டின் முன் இரண்டையும் நிறுத்திவிட்டு, "இரண்டும் ஒரே வேகம்தான்" என்று முடிவு கட்டினால் நாம் நகைப்போம் அல்லவா? கணிப்பொறிகளை ஒப்பிட முற்படுவோர் இத்தவற்றை அடிக்கடி செய்கின்றனர்.

கணிப்பொறியின் உறுப்புகளை ஆளும் இயக்க முறைமைக்கு நடுநாயகமாக விளங்கும் பகுதியைக் கெர்னல் என்பர். வலையமைப்பின் வழியே பொட்டலம் பொட்டலமாக வந்து சேரும் தகவலைப் பெற்று, முகவரி பார்த்து, உரிய நிரலிடம் சேர்ப்பிப்பது அதன் கடமை. அஞ்சல் நிலையத்தில் கடிதங்களைப் பிரிப்பவரின் வேலை போன்றது எனலாம்.

வினாடிக்கு 1000 மெகாபிட் செல்லக்கூடிய ஈதர்நெட் கம்பியில் ஒரு பெருங்கோப்பை அனுப்பிப் பார்ப்பது எளிய சோதனை. பொட்டலங்களின் மேலுறைகளுக்கும் இடைவெளிகளுக்கும் உரியது போக, ஏறத்தாழ 941 மெகாபிட் தகவலே அதில் செல்ல இயலும். நன்கு அமைந்த கெர்னல் எதுவும் இவ்வெல்லையைத் தொட்டுவிடும். அப்போது நாம் அளந்தது கம்பியையே அன்றிக் கெர்னலை அன்று. மூடிய கேட்டின் முன் நின்றவர் கதைதான். ஒன்று வேண்டுமானால் செய்யலாம்: அந்த 941 மெகாபிட்டை அனுப்பச் செயலியின் நேரத்தில் எவ்வளவு செலவாயிற்று என்று பார்க்கலாம். வேற்றுமை அங்கே தெரியும்.

அதே கம்பியில் 64 பைட் அளவுள்ள மிகச் சிறு பொட்டலங்களை இடையறாது அனுப்பினாலோ, வினாடிக்கு 14,88,095 பொட்டலங்கள் வந்து குவியும். ஒன்றைக் கவனிக்க ஒரு மைக்ரோ வினாடிகூட முழுமையாகக் கிட்டாது. கெர்னலின் திறமும் தளர்ச்சியும் இத்தகைய சோதனையில்தான் வெளிப்படும். நெட்பெர்ஃப் என்னும் கருவியில் மற்றொரு வகையும் உண்டு. ஒரு பைட் அளவில் வினா. ஒரு பைட் அளவில் விடை. வினாடிக்கு இத்தகைய பரிமாற்றங்கள் எத்தனை நிகழ்ந்தன என்று அது எண்ணிச் சொல்லும்.

1999-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்டின் பொருளுதவியுடன் மைண்ட்கிராஃப்ட் என்னும் நிறுவனம் ஒரு சோதனை நடத்தியது. நான்கு செயலிகளும், 100 மெகாபிட் வலையட்டைகள் நான்கும் கொண்ட சர்வரில், விண்டோஸ் என்.டி. 4.0 முறைமை லினக்ஸ் 2.2-ஐ முந்தியது, கோப்பு வழங்குவதில் 2.5 மடங்கு, இணையப் பக்கம் வழங்குவதில் 3.7 மடங்கு என்றனர். லினக்ஸ் அன்பர்கள் கொதித்தெழுந்தார்கள். அமைப்புகள் சரியில்லை என்றார்கள். அதில் உண்மையும் இருந்தது. அவர்கள் தரப்பு வல்லுநர் உடனிருக்க அவ்வாண்டிலேயே மீண்டும் சோதித்தபோது இடைவெளி குறைந்தது, ஆயினும் என்.டி.யே முன்னின்றது.

அன்றைய இணையத் தளங்களில் பெரும்பாலானவை அத்தனை அகன்ற கம்பியைக் கண்டவை அல்ல. ஆகவே, அத்தளங்களை நடத்துவோருக்கு இச்சோதனை பயன்படவில்லை என்பதே என் கருத்து. கெர்னலை எழுதியோருக்கோ அது பெரிதும் பயன்பட்டது. லினக்ஸ் 2.2-இல் வலையமைப்பு வேலை முழுவதற்கும் ஒரே பூட்டு இருந்தது. செயலிகள் நான்கு இருந்தும், ஒன்று உள்ளே புகுந்தால் மற்ற மூன்றும் வாயிலில் காத்து நின்றன. ஒற்றைச் செயலியும் ஒற்றை அட்டையும் கொண்டு சோதித்திருந்தால் இக்குறை கண்ணிற்படவே படாது. 2001 ஜனவரியில் 2.4 வெளிவந்தபோது, பல செயலிகளும் அவ்வேலையை ஒரே வேளையில் செய்யும்படி அப்பகுதி திருத்தி எழுதப்பட்டிருந்தது.