வழி மாறி வரும் நரம்பு

டீ கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வலது கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வைத்து, சாவி பிடிக்கிற பிடியில் நன்றாக அழுத்துங்கள். புறங்கையில் அந்த இரண்டு விரலுக்கும் நடுவே ஒரு சதை திரண்டு எழுகிறதல்லவா? அதை இயக்கும் நரம்பு எது என்று மருத்துவ மாணவரைக் கேட்டால், யோசிக்காமல் ‘அல்நார்’ என்பார். பரீட்சைக்கு அது போதும். உங்கள் கைக்குப் பொருந்துமா என்பது வேறு விஷயம்.

கைக்கான நரம்புகள் தண்டுவடத்திலிருந்து வழக்கமாக 5 வேர்களாகப் புறப்படுகின்றன. அக்குளை எட்டுவதற்குள் கூடிப் பிரிந்து பின்னிக்கொள்கின்றன. அந்தப் பின்னலிலிருந்து இறங்குபவற்றில் இரண்டு நமக்குப் போதும். மீடியன் நரம்பு முன்கையின் நடுவாக வந்து, மணிக்கட்டைத் தாண்டிக் கட்டைவிரல் மேட்டுக்குப் போகிறது. அல்நார் முழங்கையின் உட்புற எலும்பை உரசிக்கொண்டு போகிறது. கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ‘ஷாக்’ அடிக்குமே, அதுதான். கைக்குள் இருக்கும் சின்னத் தசைகளில் பெரும்பாலானவை அதன் பொறுப்பு.

1763இல் ரோலண்ட் மார்ட்டின் என்ற ஸ்வீடன் நாட்டு உடற்கூறியலாளர், முன்கையில் மீடியனிலிருந்து அல்நாருக்கு ஓர் இணைப்பு இருக்கக்கூடும் என்று எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1870இல், வென்ஸல் குரூபர் அதை விரிவாக விவரித்தார். இருவர் பெயரையும் சேர்த்து மார்ட்டின்-குரூபர் இணைப்பு என்கிறார்கள். அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும், ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. சிலருக்கு ஒரு கையில் மட்டும்.

நரம்பை ஒரு பஸ் என்று வையுங்கள். உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான இழைகள் பயணிகள். அல்நாரில் ஏற வேண்டிய சிலர் மீடியனில் ஏறிவிட்டார்கள். முன்கையில் இறங்கி வண்டி மாறி, போக வேண்டிய தசைக்கே போய்ச் சேர்கிறார்கள். அதனால் விரல் வழக்கம்போல வேலை செய்கிறது. உங்களுக்கு ஆயுள் முழுக்கத் தெரியாமலே போகலாம். நீங்கள் சற்றுமுன் திரட்டிக் காட்டிய சதைக்குத்தான் இப்படி மாறி வருகிறவர்கள் அதிகம்.

அடிபட்டாலோ பரிசோதனைக்குப் போனாலோதான் குட்டு உடைகிறது. முழங்கையில் அல்நார் முழுக்க அறுந்தும் அந்தச் சதை அசையலாம். உடனே ‘நரம்பு பாதி தப்பியது’ என்று நினைத்துவிடக் கூடாது. நரம்புக் கடத்தல் சோதனை இன்னும் குழப்பும். அல்நாரை மணிக்கட்டில் மின்சாரத்தால் தூண்டினால் தசை பலமாகத் துடிக்கும். முழங்கையில் தூண்டினால் துடிப்பு குறையும். இடையில் அடைப்பு என்று அறிக்கை எழுதக் கை பரபரக்கும். விவரம் தெரிந்தவர் அங்கே நிதானித்து, மீடியனை முழங்கையில் தூண்டி, அதே தசையைப் பார்ப்பார். அது துடித்து, மணிக்கட்டில் மீடியனைத் தூண்டும்போது துடிக்காவிட்டால், விடை கிடைத்துவிட்டது. நோயே இல்லை.

இன்னும் எத்தனையோ மாறுதல்கள் உண்டு. முழங்கையை மடக்கும் மேற்கைத் தசைகளுக்கென்றே இருக்கும் நரம்பு சிலருக்கு இருக்காது. மீடியனே அந்த வேலையையும் பார்த்துக்கொள்ளும். சுமார் 100 பேரில் ஒருவருக்கு முழங்கைக்கு மேலே, உட்புறமாக ஒரு சிறு எலும்பு முள் துருத்தியிருக்கும். அதிலிருந்து ஒரு நார் கீழே இறங்கினால் மீடியன் அதனடியில் மாட்டிக்கொள்ளலாம். பூனைக்கு அதே இடத்தில் எலும்பிலேயே ஒரு துளை இருக்கிறது, நரம்பு அதன் வழியேதான் போகிறது. 1871இல் டார்வின் மனிதனின் பூர்வீகத்தைப் பற்றி எழுதியபோது இதை விடவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த தகவல் இதுதான்.

அறுவை மருத்துவர்களுக்குக் கவலை தருவது மணிக்கட்டில் இருக்கிறது. மீடியன் கட்டைவிரல் தசைகளுக்குக் கொடுக்கும் சிறு கிளை, பெரும்பாலும் மணிக்கட்டின் குறுக்கு நாரைத் தாண்டிய பிறகே பிரியும். சிலருக்கு அந்த நாரைத் துளைத்துக்கொண்டே வெளியே வரும். நாருக்கடியில் மீடியன் நசுங்குவதால் வரும் கைமரப்புக்காக நாரை அறுக்கும்போது அந்தக் கிளையும் அறுந்தால், கட்டைவிரலைத் தூக்கி மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவர முடியாது. அதனால்தான் கத்தி மோதிர விரலின் நேர்கோட்டை ஒட்டி, சுண்டுவிரல் பக்கமாகவே போகிறது.