வண்ணம் தெரியாவிட்டால் தகைவு இல்லையா?

‘எஞ்சிய தகைவு இல்லை’ என்று இந்த மாத முடிவுக்குள் சான்றிதழ் தர வேண்டுமாம். எந்தச் சோதனை செய்வது என்று கேட்டு மோல்டிங் பட்டறைக்காரர்கள் கடிதம் மேல் கடிதம் எழுதுகிறார்கள்.

முதலில் அந்த வாசகத்தைப் பார்ப்போம். ஏதோ ஒரு சோதனையில் எதுவும் கண்ணில் படவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. மோல்டில் குளிர்ந்த எந்தப் பாகத்திலும் தகைவு கொஞ்சமாவது இருக்கும்.

பலரும் நம்புவது போலரிஸ்கோப்பை. இரண்டு தளவிளைவுத் தகடுகளுக்கு நடுவே பாலிகார்பனேட் ஹெட்லைட் கண்ணாடியைப் பிடித்தால் வானவில் நிறங்கள் தெரியும். டேவிட் புரூஸ்டர் 1810களில் கண்டறிந்த விளைவு இது. நிறம் மிகுந்தால் தகைவு மிகுதி, இல்லாவிட்டால் தேர்ச்சி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிக்கலே அங்குதான்.

மோல்டின் சுவரைத் தொட்ட பிளாஸ்டிக்கின் வெளித்தோல் முதலில் உறைகிறது. நடுப்பகுதி பின்னால் சுருங்கும்போது, இறுகிவிட்ட தோல் விட்டுக்கொடுப்பதில்லை. அதனால் நடுப்பகுதி இழுபட்டும் தோல் அமுங்கியும் நிற்கின்றன. வெளியிலிருந்து எந்த விசையும் இல்லாததால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டியே ஆக வேண்டும். ஒளியோ மொத்தக் கனத்தையும் துளைத்து வருகிறது. தோலில் கழிந்தது நடுவில் கூடிவிட, வெளியே வரும்போது மிச்சம் ஏறத்தாழ பூஜ்யம். இன்னொன்று: போலரிஸ்கோப் காட்டுவது இரு திசைத் தகைவுகளின் வித்தியாசத்தை மட்டுமே, இரண்டும் சமமானால் நிறமே வராது.

அப்படியானால் கண்ணுக்குத் தெரியும் நிறம் எதனுடையது? பெரும்பாலும், உருகிய பிளாஸ்டிக் ஓடியபோது மூலக்கூறுகள் ஓட்டத் திசையில் வரிசைப்பட்டு உறைந்ததன் தடம். நிறம் கொழித்த பாகம் நீடித்து உழைக்கலாம். நிறமற்றது திருகு முடுக்கும்போதே விரிசல் விடலாம்.

மற்ற கேள்விகள்:

கரைப்பான் சோதனை? டொலுயீனும் நார்மல் புரோப்பனாலும் 1:3 கலந்த கலவையில் பாலிகார்பனேட்டைச் சுமார் 3 நிமிடம் முக்குவார்கள். மேற்பரப்பின் இழுவிசைத் தகைவு எல்லை மீறிய இடத்தில் விரிசல் விழும், உள்ளே இருப்பது தெரியாது.

துளையிடுதல்? சிறு துளை போட்டு, சுற்றிலும் நேரும் தளர்வை ஸ்ட்ரெய்ன் கேஜால் அளந்து கணக்கிடுவது. துளையிடும் சூடே பிளாஸ்டிக்கில் கணக்கைக் கெடுக்கலாம்.

அடுக்கு சீவுதல்? ட்ரூட்டிங்கும் ரீடும் 1951இல் தந்த வழி. சீவச் சீவத் தகடு வளைவதை அளந்து ஆழவாரியாகத் தகைவு காணலாம், பாகம் போய்விடும்.

கறுப்புப் பாகம்? ஊடுருவும் ஒளியால் பயனில்லை.

அனீலிங், அதாவது சூடேற்றி மெல்ல ஆறவிடுதல்? பாலிகார்பனேட்டுக்குச் சுமார் 120 டிகிரி செல்சியஸ். தகைவு தணியும், நிறம் பெரிதாக மாறாது.

சான்றிதழில் எதை எழுதுவது? எந்த முறை, எந்தக் கலவை, எத்தனை நிமிடம், பாகத்தின் எந்த இடம், என்ன கண்டீர்கள் என்பதை.